முதலில் திரும்பும் வழி

இந்த வருடத்தோடு தேக்கடிக் காட்டில் வழிகாட்டி வேலையை விடுகிறேன். முழங்கால் இனி ஏற்றம் தாங்காது. அதில் எனக்கு வருத்தமில்லை, வருத்தம் வேறு. சில மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். எந்த வழிகாட்டி அதிக விலங்குகளைக் காட்டுகிறாரோ அவருக்குப் பயணிகள் அதிக மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண்ணுக்கு ஏற்பக் கூலி. போட்டி வந்தால்தான் தரம் உயரும் என்றார். இளைஞர்கள் கைதட்டினார்கள். பழைய ஆட்கள் சிலர் எழுந்து வெளியே போனோம். அன்று சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்குக் கூலி சமம். யானைக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிய நாளுக்கும், மலையணிலைத் தவிர எதுவும் கண்ணில் படாத நாளுக்கும் ஒரே கூலிதான். பயணிகள் கட்டும் பணம் பொதுக் கணக்குக்குப் போகிறது. அதிலிருந்து ஆளுக்கு ஒரே அளவு, மிச்சம் எங்கள் வழிகாட்டிக் குழுவின் நிதிக்கு. இது சோம்பேறிகளுக்கு வசதியான ஏற்பாடு என்று நினைப்பவர்கள், இது எந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்தது என்று கேட்டதில்லை.

வயணா மரத்தின் பட்டையைத் திருடி விற்ற காலத்தைச் சொல்கிறேன். ராத்திரியில் காட்டுக்குள் போய்ப் பட்டையை உரித்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். சுற்றிலும் உரித்த மரம் பட்டுப் போகும். உரித்தவனும் தழைக்கவில்லை. வியாபாரி முன்பணம் கொடுத்து அவனைக் கட்டிப் போட்டிருப்பார். பிடிபட்டால் வழக்கு இவனுக்கு, லாபம் அவருக்கு. மன்னான், பளியர் குடிகளில் மிளகுக்கும் இதே நிலைதான். காய் முற்றும் முன்பே கொடி கடனில் போயிருக்கும். 1990களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம் இந்தக் கடன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தது. இ.டி.சி. என்ற சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் உண்டாயின. பட்டை உரித்தவர்களே வழிகாட்டிகளாகி 1998-ல் புலித்தட நடை தொடங்கியது. சபரிமலைப் பாதையில் கடை போட ஒரு ஏற்பாடு, மூங்கில் மிதவைக்கு ஒரு ஏற்பாடு. 2002-ல் பெண்கள் வசந்த சேனை என்று சேர்ந்து, சம்பளம் வாங்காமல் காட்டுக்குக் காவல் போனார்கள். திட்டப் பணம் நின்றாலும் வேலை நிற்கக் கூடாது என்று 2004-ல் பெரியார் ஃபவுண்டேஷன் அமைந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது எங்கள் வேலை. என்னைப் பழக்கியவர் பட்டைக் காலத்து ஆள். அந்த நாளில் ஃபாரஸ்ட்காரர்கள் கண்ணில் படாமல் அவர் நடந்த தடங்களில்தான் பின்னால் பயணிகளைக் கூட்டிப் போனோம். அவர் இடுப்பில் ஒரு துணி முடிச்சு எப்போதும் இருக்கும், உள்ளே சலித்த அடுப்புச் சாம்பல். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிட்டிகை எடுத்து விடுவார். அது போகும் திசையைப் பார்த்த பிறகுதான் அடுத்த அடி. காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும். முதுகில் அடித்தால் நாம் போய்ச் சேரும் முன்பே நம் வாசம் போய்ச் சேர்ந்துவிடும். வாசனைத் தைலம் பூசி வந்த பயணியை ஓடையில் கழுத்து வரை கழுவச் சொல்லித்தான் கூட்டிப் போவார். பெரிய அதிகாரியானாலும் விடமாட்டார்.

ஈத்தை என்ற நாணல் மூங்கில் அடர்ந்த காட்டில் கண்ணுக்கு வேலையில்லை. பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. ஈத்தை ஒடியும் சத்தம் மட்டும் கேட்கும். புது ஆட்கள் அந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுவார்கள். அவர் சொல்வார்: "தம்பி, ஒடிக்கிற வரைக்கும் அது திங்குது, பயமில்ல. சத்தம் நின்னா அது நம்மளக் கேக்குதுன்னு அர்த்தம். அப்பப் பயப்படு." கரடியிடம் இந்தக் கணக்கு செல்லாது. தலையைக் குனிந்து தோண்டிக்கொண்டிருக்கும் கரடி நாம் கிட்டே போகும் வரை கவனிக்காது, திடுக்கிட்டால் நேரே மேலே பாயும். அதனால் கரையான் புற்று புதிதாகக் கலைந்திருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது அவர் சட்டம்.

இத்தனையும் இரண்டு மூன்று வருடத்தில் படிந்துவிடும். படியாதது ஒன்று உண்டு. விலங்கைக் கண்ட மனிதன் தன்னை அறியாமல் முன்னால் ஓர் அடி வைப்பான். படித்தவன், படிக்காதவன், வெள்ளைக்காரன், நம் ஊர்க்காரன் எல்லாரும் வைப்பார்கள். எத்தனை எச்சரித்தாலும் அந்தக் கணத்தில் காதில் ஏறாது. காமிராவைத் தூக்குகிறவன் இரண்டடி வைப்பான். இந்த ஓர் அடியை நிறுத்துவதுதான் எங்கள் தொழிலில் மிகவும் கஷ்டமான காரியம்.

அதற்கு அவர் சொன்ன வழி இதுதான். விலங்கை முதலில் நீ பார்ப்பாய். கையை நீட்டாதே, முகத்தில் காட்டாதே. ஐந்தாறு பேரையும் ஒவ்வொருவராக மரத்துக்குப் பின்னால் நிறுத்து. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், யார் முன்னால் போக வேண்டும் என்று காதோடு சொல். கடைசி ஆளும் தலையாட்டிய பிறகு விலங்கைக் காட்டு. "மொதல்ல திரும்புற வழியக் காட்டு. அப்புறம் யானையக் காட்டு." இதற்குள் யானை போய்விட்டால்? "போகட்டுமே. ஆளெல்லாம் வீடு போய்ச் சேருவாங்கல்ல?" என்பார்.

2009 செப்டம்பர் 30 அன்று இதே தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் நின்ற விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டார்கள் என்று அப்போது செய்திகளில் வந்தது. படகின் அமைப்பைப் பற்றியும் ஆள் கணக்கைப் பற்றியும் பெரிதாக விசாரித்தார்கள், விசாரிக்க வேண்டியதுதான். அந்த ஓர் அடியை எப்படி நிறுத்துவது என்று யாரும் பேசி நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அன்று தூக்கமில்லை.

இப்போது கூலிக்கு வருகிறேன். விலங்கைக் காட்டுவதற்குக் கூலி என்று வைத்தால், நிறுத்தி வழிசொல்லும் அந்தக் கால் மணி நேரம் நஷ்டமாகிவிடும். யானை போய்விட்டால் மதிப்பெண் போய்விடுமே! அப்புறம் எவன் நிறுத்துவான்? டிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. பயணி அன்போடு கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் யாருக்குப் போகிறது? கிட்டே கூட்டிப் போனவனுக்கு. தள்ளி நிறுத்தியவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை. அதனால்தான் பழைய ஆட்கள் டிப்பைப் பொதுப் பெட்டியில் போட்டோம். இப்போது பெட்டி இருக்கிறது, விழுவது குறைந்துவிட்டது. செல்போனில் வரும் பணம் பெட்டிக்கு எப்படி வரும்?

இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. பகலில் பயணிகளோடு நடப்பது எங்கள் வேலையில் பாதிதான், மறுபாதி ரோந்து. மழையில் அட்டை கடிக்க, எந்தப் பயணியும் இல்லாத இடத்தில் ராத்திரி உட்கார்ந்திருப்பது. பகல் கூலி எங்களுக்குக் கொடுக்கப்பட்டதே இந்த ராத்திரிக்காக. காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரன் ராத்திரியில் காட்டில் இருந்தால் கோடாலிக்காரன் வரமாட்டான் என்பதுதான் மொத்த ஏற்பாட்டின் அடிப்படை. நல்ல ஆங்கிலமும் நல்ல பூட்ஸும் உள்ள பையன்கள் இப்போது வருகிறார்கள். பறவைகளின் பெயர் எங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். அதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ரோந்து முறை வந்தால் காய்ச்சல் வருகிறது, கல்யாணம் வருகிறது. ராத்திரியில் காட்டை அறியாதவனுக்குப் பகலில் சத்தம் நின்றது எப்படித் தெரியும்?

கிராமத்தை வாழவைக்கும் சுற்றுலா என்று மேடையில் பேசுகிறார்கள். ரிசார்ட்டில் நெருப்பு மூட்டி ஆடவைத்து, ஊர்ப் பையன் இரண்டு பேருக்குத் தட்டுக் கழுவும் வேலை கொடுத்துவிட்டு அதற்கும் இதே பெயரை வைக்கிறார்கள். பணம் ஊருக்குள் வந்தால் மட்டும் போதாது. அது எல்லா வீட்டுக்கும் சமமாகப் போக வேண்டும், வந்த வழியான காட்டையும் அது காக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் பழைய முன்பணக்காரர் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

போகிற நேரத்தில் இரண்டே இரண்டு கேட்கிறேன். டிப் எந்த வழியில் வந்தாலும் பொதுக் கணக்குக்குப் போகட்டும். புதிதாகச் சேரும் பையன் ஒரு மழைக்காலம் முழுக்க ரோந்து போன பிறகே பயணிகளுக்கு முன்னால் நடக்கட்டும். இதற்கு ஒப்பாதவன் எத்தனை யானையைக் காட்டினாலும், எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், அவனை வழிகாட்டி என்று நான் சொல்ல மாட்டேன்.