அவர்களுக்கு நாங்கள் படிப்பித்த ஒரு நாள்

நோர்வேக்குப் புதிதாக வந்திருக்கும் எமது குடும்பங்கள் 'பமிலியவார்ண்கொன்தூர்' என்ற பெயரைக் கேட்டதும் பயப்படுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெயருக்குள் 'வார்ண்' என்று ஒரு துண்டு இருப்பதால், எமது சனம் நடுங்கும் 'பார்ணவார்ண்', அதாவது சிறுவர் நலப் பகுதிதான் இதுவும் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அலுவலகங்கள். பமிலியவார்ண்கொன்தூர் என்பது குடும்ப ஆலோசனை நிலையம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை, காசும் இல்லை. பிரிய வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள்தான் போகலாம் என்றும் இல்லை. வீட்டில் கதைபேச்சு நின்றுபோனவர்களும் போகலாம்.

எங்களைப் பற்றிச் சொல்வதென்றால், நாங்கள் வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் பில்லட் வெட்டும் பகுதியில் வேலை செய்யும் புருசனும் பெண்சாதியும். சாதாரண தரத்துடன் படிப்பை விட்டவர்கள். போன மாரியில் எங்கள் கொம்யூன் ஒரு பயிற்சி நாள் வைத்தது. குடும்ப ஆலோசகர்கள், சுகாதாரத் தாதிகள், பாலர் பாடசாலை ஆசிரியைகள், மொழிபெயர்ப்பாளர்கள் என்று இருபது பேர் வரையில் வந்திருந்தார்கள். பிரிவையும் இடமாற்றத்தையும் அனுபவித்த குடும்பங்களுடன் எப்படி வேலை செய்வது என்பதுதான் அன்றைய பாடம். அங்கே வந்து கதைக்கும்படி எங்களைக் கேட்டார்கள். படித்தவர்களுக்கு நாங்கள் போய் என்னத்தைப் படிப்பிப்பது என்று முதலில் சிரித்தோம். பிறகு பகல் வேலையை இரவுக்கு மாற்றிக்கொண்டு போனோம்.

எங்களில் ஒருவர் 2010 இல் தனிய வெளிக்கிட்டவர். மற்றவர் கைக்குழந்தையுடன் ஊரில் நின்றவர். விசா, வீடு, வேலை எல்லாம் சரிவந்து மூவரும் ஒரு கூரைக்குக் கீழ் சேர்ந்தது 2014 இல். ஒன்றுசேர்ந்த அன்றோடு கஷ்டம் முடிந்துவிடும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். ஆனால் மகனுக்கு அப்பா என்றால் தொலைபேசி. விமான நிலையத்தில் வந்து தூக்கிய மனிதரை அவன் அப்பாவாக எடுக்கவில்லை. அவர் ஏதும் கண்டித்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய போனைக் காதில் வைத்து, "அப்பா, இங்கை ஒரு ஆள் என்னைப் பேசுறார்" என்று முறைப்பாடு செய்வான். எட்டு மாதம் வரையில் இது நடந்தது. முன்னம் வந்தவருக்கு அது பெரிய அவமானம். பின்னுக்கு வந்தவருக்கோ நான்கு வருடம் தனியப் பொறுப்பெடுத்த வீட்டில் இப்போது எல்லாவற்றுக்கும் ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம். சண்டை வந்தது. இருவரில் ஒருவர் பெட்டியும் அடுக்கினார். அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழே மூன்று கிழமை கிடந்தது.

இதைச் சொன்னபோது ஒரு தாதி எழுதுவதை நிற்பாட்டிவிட்டார். குடும்பம் வந்து சேர்ந்ததும் தாங்கள் வாழ்த்துச் சொல்லி கோப்பை மூடிவிடுவதாகச் சொன்னார். மூடாதீர்கள், ஆறு மாதம் கழித்து ஒருக்கால் கதவைத் தட்டுங்கள் என்றோம்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. நோர்வேஜிய மொழியில் 'செப்பரேர்ட்' என்றால் சட்டப்படி பிரிந்தவர். போரால், விசாவால் தூர இருந்தவர்களுக்கு வேறு சொல் இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் 'பிரிவு' என்ற ஒரு சொல்லைத்தான் போடுகிறோம். வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் "பிரிந்து இருந்தீர்களா?" என்று மொழிபெயர்த்துக் கேட்டார்கள். நான்கு வருடம் என்று பதில் சொன்னது. தாளில் எங்களைக் கணவனைப் பிரிந்த பெண்ணும் மனைவியைப் பிரிந்த ஆணுமாக எழுதிவிட்டார்கள். அதைத் திருத்த மூன்று கடிதமும் ஒரு மாரியும் போனது. அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் இதை உடனே குறித்துக்கொண்டார்கள்.

2022 ஜனவரி முதல் இங்கே மொழிபெயர்ப்புக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. தேவையான இடத்தில் அரச அலுவலகங்கள் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஒழுங்குசெய்ய வேண்டும். அவசர நிலையைத் தவிர பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கக் கூடாது. தாய் தகப்பன் பிரிகிற கதையை ஒன்பது வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது என்ன கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். சிறிய ஊரில் இன்னொரு பிரச்சினை, மொழிபெயர்க்க வருபவர் நாளைக்குக் கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ எதிரே நிற்பார். அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தான். ஆனாலும் கூச்சம் கூச்சம்தானே. வேறு நகரத்திலிருந்து தொலைபேசியில் ஒருவரை எடுத்துத் தரும்படி நீங்கள் கேட்கலாம். இதைக் கேட்காமலே தாங்களே செய்ய வேண்டும் என்று அலுவலர்களுக்கும் சொன்னோம்.

பத்தியப்பட்டுப் பேசாமல் இருப்பதைப் பற்றியும் சொன்னோம். எமது ஆட்கள் "ஓம்" என்றால் அது சம்மதம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதும் ஓம், மரியாதைக்கும் ஓம். ஒரு கிழமை விட்டுத் திரும்பக் கேளுங்கள். இன்னொன்று, மேசையில் இரண்டு பேர்தான் இருப்பார்கள், ஆனால் அந்த அறைக்குள் யாழ்ப்பாணத்து மாமியும் கனடாவில் இருக்கும் மச்சானும் ஏஜென்சிக்குக் கொடுத்த கடனும் சீதன வீடும் சேர்ந்து இருக்கும். இதைக் கேட்டு அவர்கள் சிரித்தார்கள். நாங்கள் பகிடிக்குச் சொல்லவில்லை.

ஒரு இளம் ஆலோசகர், வீட்டில் அடி விழுந்தால் அது உங்கள் பண்பாடு என்று எண்ணித் தான் கேட்கத் தயங்குவதாகச் சொன்னார். பின்னுக்கு வந்தவர் உடனே எழும்பி, "அது பண்பாடில்லை, அடி. கட்டாயம் கேளுங்கோ" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பின்னேரம் நடிப்புப் பயிற்சி. பிரியப்போகும் தம்பதியாக எங்களை நடிக்கச் சொன்னார்கள். பகிடிக்கும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டோம் என்று நாங்கள் மறுத்துவிட, இரண்டு நோர்வேஜிய ஆசிரியைகள் தமிழ்க் கணவன் மனைவியாக நடித்தார்கள். வலு திறமாக நடித்தார்கள், ஆனால் இருவரும் மாறி மாறி ஆளின் முகத்தைப் பார்த்துக் கதைத்ததுதான் தமிழ்த் தம்பதி மாதிரி இல்லை.

அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டதையும் எழுதுகிறோம், ஏனென்றால் இது உங்களுக்குத் தேவைப்படலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் பெற்றோர் பிரிவதென்றால் முதலில் 'மெக்லிங்' என்ற இணக்கப் பேச்சுக்குப் போக வேண்டும். ஒரு மணித்தியாலம் கட்டாயம், விரும்பினால் ஏழு மணித்தியாலம் வரை தருவார்கள். அதற்குரிய சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். அது இல்லாமல் பிரிவுக்கு அனுமதி கிடையாது. அனுமதி கிடைத்து ஒரு வருடம் கழித்துத்தான் விவாகரத்து. இலங்கையின் மத்தியஸ்த சபை போல ஊர்ப் பெரியவர்கள் இருந்து கதைப்பது அல்ல இது. இதற்கெனப் பயிற்சியும் அனுமதியும் பெற்றவர்கள் செய்வது. யார் சரி யார் பிழை என்று தீர்ப்புச் சொல்லவும் மாட்டார்கள். பிள்ளை எங்கே இருக்கும், மற்றவரை எப்போது பார்க்கும் என்பதுதான் பேச்சு. வீட்டில் வன்முறை இருந்தால் ஒரே அறையில் இருக்கத் தேவையில்லை, தனித்தனியாகப் போகலாம். சொல்வது வெளியே போகாது. ஆனால் பிள்ளைக்குப் பெரிய ஆபத்து என்று கண்டால் பார்ணவார்ணுக்கு அறிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனமில்லை.

2021 முதல் அறிமுகத் திட்டத்தில் படிக்கும், பிள்ளைகள் உள்ளவர்கள் பொதுவாகப் பெற்றோர் வழிகாட்டல் வகுப்புக்குப் போக வேண்டும். 2014 இல் எங்களுக்கு அது கட்டாயமாக இருக்கவில்லை. இருந்திருந்தால் அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழ் கிடந்த மூன்று கிழமையில் யாரோடாவது கதைத்திருக்கலாம்.

கொம்யூன் அடுத்த பயிற்சி நாளுக்கும் எங்களைக் கேட்டிருக்கிறது. முடிந்தால் மகனையும் கூட்டிவாருங்கள், பிள்ளையின் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்றார்கள். அவனுக்கு இப்போது மீசை அரும்புகிற வயது. கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.