கரித்தூசி போன இடம்

நான் கல்யாணமாகிக் காசிமேட்டுக்கு வந்தது 1999-ம் வருஷம், தை மாசம். வந்த மறுநாள் காலையில் மாமியார் என் கையில் ஒரு பழைய வேட்டித் துணியைக் கொடுத்து, "கண்ணு, அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி பாத்திரத்தையெல்லாம் ஒரு தபா தொடச்சுடு" என்றார். நேற்று ராத்திரிதானே தேய்த்துக் கவிழ்த்தோம், இதை எதற்குத் துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஒரு தட்டைத் துடைத்தேன். துணியில் கண்மை மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டது.

நான் பிறந்து வளர்ந்தது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். அங்கே தூசி என்றால் செம்மண் தூசி. தட்டினால் போய்விடும். இது அப்படியில்லை. தட்டினால் போகாது, தேய்த்தால் நீளமாக இழுத்துக்கொண்டே வரும்.

அந்த நாளில் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் மலை மலையாகக் குவிந்து கிடக்கும். கரி கறுப்பு, தாது சிவப்பு. பகலில் கடல்காற்று எழும்பியதும் இரண்டும் ராயபுரம், காசிமேடு என்று வீடு வீடாக விருந்துக்கு வந்துவிடும். எங்கள் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காற்று எப்போது திரும்பும் என்று நன்றாகத் தெரியும். "கரைக்காத்து இருக்கச் சொல்லவே துணியைக் காய வெச்சு எடுத்துடணும். கடக்காத்து வந்துட்டா மறுபடி துவைக்கணும்" என்பார். பதினோரு மணிக்குள் கொடியில் ஒரு துணி இருக்காது. மொட்டை மாடியில் வடாம் பிழிவது என்ற பேச்சே கிடையாது. பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைக்கு நான் போட்ட நீலம் எல்லாம் வீண்.

துணி போனால் போகட்டும். மார்கழி வந்தால் மாமியாருக்கு ராத்திரி முழுக்க இருமல். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அந்தச் சத்தம் கேட்கும். அதை ஒரு நோய் என்று யாரும் சொல்ல மாட்டோம். "துறைமுகத்துப் பக்கம் இருந்தா இதெல்லாம் சகஜம்தான்" என்று போய்விடுவோம்.

சகஜம் என்று விடாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் மனுப் போட்டுப் போராடி, விஷயம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, 2011 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வது நின்றது.

சகோதரிகளே, அந்த மாற்றத்தை எப்படிச் சொல்வது! ஆறு மாதத்தில் துடைக்கிற துணியின் நிறமே மாறிவிட்டது. அடுத்த சித்திரையில் மாமியார் ஜவ்வரிசி வடாம் போட்டார். கல்யாணமாகி வந்து பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கள் மாடியில் நான் பார்த்த முதல் வெள்ளை வடாம் அது. வீட்டுக்கு வெள்ளையடித்தோம். ஜன்னலுக்கு வெளிர் நிறத்தில் திரை தைத்துப் போட்டேன்.

அந்தக் கரி எங்கே போயிற்று என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காசிமேட்டில் காற்று சுத்தமாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. துறைமுகத்துக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும்போது வரும் டீசல் புகை இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கறுப்பு போய்விட்டது. நாங்கள் அதை மறந்தும் விட்டோம்.

2021-ல் என் மகளை எண்ணூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். நல்ல குடும்பம். மாப்பிள்ளை தங்கமானவர். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில். ஐந்தாம் மாதம் பேரனைத் தூக்கிக்கொண்டு போய்ப் புகுந்த வீட்டில் விட்டு வந்தோம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் சமயம், 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மகள் வீடு அந்தக் குப்பத்திலிருந்து தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் போன் வந்தது. "அம்மா, எல்லாரும் ஓடறாங்கம்மா. நாங்களும் குழந்தையைத் தூக்கிக்கினு கிளம்பிட்டோம்" என்றாள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை. மறுநாளே துணிமணி எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

போனவள் சும்மா உட்காரவில்லை. மகளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று ஜன்னலைத் துடைத்தேன். துணியைத் திருப்பிப் பார்த்தேன். கண்மை மாதிரி கறுப்பு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டை விட்டுப் போன அதே கறுப்பு.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சம்பந்தியம்மா நான் முழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பாக்கறீங்க சம்பந்தி? உங்க ஊர்லேருந்து வந்த சீருதான். உங்களுக்கு வாணாம்னு சொன்னீங்க, இங்க அனுப்பிட்டாங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தைத் தூக்க முடியவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. துறைமுகத்து நிலக்கரி, 2001-ல் திறந்த எண்ணூர் துறைமுகத்துக்குத்தான் போயிற்று. இப்போது அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அந்த ஊர் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த ஊர். 1970-ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள். ஆனால் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள் இயங்குகின்றன. வடசென்னையில் 800 மெகாவாட்டில் இன்னொரு நிலையத்தை 2024 மார்ச்சில் தொடங்கி வைத்தார்கள். கரி எரிந்தால் சாம்பல். சாம்பல் குட்டையை ஒட்டிய செப்பாக்கம் போன்ற கிராமங்களில் காற்றடிக்கும் மாதங்களில் சாம்பல் சோற்றுத் தட்டு வரை வருகிறது. அங்கே எரிகிற கரியில்தான் காசிமேட்டில் என் வீட்டு மின்விசிறியும் சுற்றுகிறது என்பதை நினைத்துப் பார்த்தேன்.

அந்த மார்கழியிலேயே பேரனுக்கு இழுப்பு வந்தது. நெஞ்சு பூனை மாதிரி கீச்சிட்டது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இந்தத் தூசியாலா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாதும்மா. சளி பிடிச்சாலும் வரும், வம்சத்தில் இருந்தாலும் வரும். ஆனா காத்து கெட்டிருந்தா எது வந்தாலும் அதிகமாகும். நீங்க துணியில் பாக்கறீங்களே, அது பெரிய தூசி. அதில் பாதியை மூக்கே நிறுத்திடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி இருக்கு. தலைமுடி கனத்தில் முப்பதில் ஒரு பங்குதான். அது நேரா நுரையீரல் ஆழத்துக்குப் போயிடும்."

அவர் முகமூடியோடு கூடிய பம்பு எழுதிக் கொடுத்தார். சம்பந்தியம்மாவுக்குச் சம்மதமில்லை. "பம்பு பழகிட்டா உயிர் உள்ள மட்டும் விடாதாமே, சிரப்பே கொடுங்க" என்றார். நம்மில் பலருக்கு இந்தப் பயம் உண்டு, எனக்கும் இருந்தது. டாக்டர் விளக்கினார். சிரப்பு வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வரும். அதனால் மருந்து அதிகம் தேவை. பம்பு மருந்து நேரே நெஞ்சுக்குப் போவதால் மிகக் கொஞ்சம் போதும். பழக்கமும் ஆகாது. டாக்டர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும், நாமாக நிறுத்தவும் கூடாது. இன்றைக்கு அந்தப் பம்பை நேரம் தவறாமல் கொடுப்பவர் சம்பந்தியம்மாதான்!

அந்த ஒரு மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வீட்டில் சில பழக்கங்களை மாற்றினோம். வறட்டுத் துடைப்பத்தால் கூட்டுவதை நிறுத்தி, ஈரத் துணியால் துடைக்கிறோம். கூட்டும்போது கிளம்பும் தூசி குழந்தையின் மூக்கு உயரத்தில்தான் மிதக்கிறது. குழந்தை தூங்கும் அறையில் சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் இல்லை, கொசுவலைதான். ஒரு கொசுவர்த்திச் சுருள் விடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஒரு ஆராய்ச்சி சொல்கிறது. வெளிப்புகையைத் திட்டிக்கொண்டு உள்ளே நாமே புகை போட்டால் எப்படி?

பனிக்காலத்து விடியற்காலையில் புகை மேலே போகாமல் தரையோடு தங்கும். அதனால் மார்கழிக் கோலம் போடும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டாம். வெயில் ஏறியபின் ஜன்னலைத் திறக்கலாம். எண்ணூரில் சம்பந்தியம்மா அதற்கு முன் புகைபோக்கியைப் பார்ப்பார். புகை நம் பக்கம் சாய்ந்தால் ஜன்னல் மூடியே இருக்கும். போன் வைத்திருப்பவர்கள், மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் மணலி, ராயபுரம் போன்ற இடங்களின் காற்று நிலவரத்தைப் பார்க்கலாம்.

இதெல்லாம் வீட்டுக்குள் செய்கிற வேலை. ஆனால் ஊர்த் தூசியை ஜன்னல் துணியால் துடைத்து முடிக்க முடியுமா?

என் மகன் ஒருநாள் சீனத் தலைநகர் பீஜிங்கைப் பற்றிப் படித்துக் காட்டினான். அங்கே ஊருக்குள் இருந்த பெரிய எஃகு ஆலையை, 2008 ஒலிம்பிக் பந்தயத்தை ஒட்டி, பக்கத்து ஹெபெய் மாகாணத்தின் கடலோரத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். 2010-க்குள் அது முழுக்க ஊரை விட்டுப் போய்விட்டது. காற்று தெளிந்ததா? 2013 ஜனவரியில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை மூடியது. அக்கம்பக்கத்துப் புகை எல்லை பார்த்தா வரும்? அந்த வருஷமே பீஜிங்கோடு பக்கத்து ஊர்களையும் சேர்த்துக் குறைக்கத் திட்டம் போட்டார்கள். கரி எரிப்பதைக் குறைத்தார்கள். பீஜிங்கின் கடைசிப் பெரிய கரி மின்நிலையம் 2017-ல் நின்றது. 2013-ல் கனமீட்டருக்குச் சுமார் 90 மைக்ரோகிராம் இருந்த நுண்தூசி 2021-ல் 33 ஆயிற்று. நம் நாட்டு வரம்பு வருஷச் சராசரிக்கு 40. உலக சுகாதார நிறுவனம் 5-க்கு மேல் கூடாது என்கிறது. ஆகவே 33-ம் நல்ல காற்று இல்லைதான். ஆனால் எட்டு வருஷத்தில் இவ்வளவு முடிந்திருக்கிறதே!

அவன் படித்து முடித்ததும் எனக்கு சம்பந்தியம்மா சொன்ன சீர்தான் ஞாபகம் வந்தது. குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளிவிட்டு, நம் வாசல் சுத்தம் என்று கோலம் போடுகிறவளை நாம் என்ன சொல்வோம்? 2011-ல் நாங்கள் செய்தது கிட்டத்தட்ட அதுதான். எங்கள் இருமலை நிறுத்தச் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தக் கரி இனி எங்கே கொட்டும், அங்கே யார் வீட்டுப் பிள்ளை இருக்கிறது என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என் பேரனாகவே இருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

போன வருஷம் எண்ணூர்ப் பெண்கள் அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினார்கள். கரி ஏற்றிப் போகும் வண்டிகளை மூட வேண்டும், குவியலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், காற்றின் அளவைத் தெருவில் எல்லோரும் பார்க்கும்படி பலகையில் போட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதை வாங்கி வந்து எங்கள் காசிமேட்டுத் தெருவில் வீடு வீடாகப் போனேன். "நமக்குத்தான் கரி போயிடுச்சே, அக்கா" என்றாள் ஒரு பெண். மகள் வீட்டு ஜன்னலைத் துடைத்த துணியைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். காட்டினேன். பழைய ஆட்களுக்கு அதற்குமேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எண்பது வயது தாண்டிய என் மாமியார் கைநாட்டு வைத்தார்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இந்த மார்கழிக்குள் மறுபடி ஒன்று எழுதப் போகிறோம். இந்த முறை இரண்டு ஊர்ப் பெண்களும் சேர்ந்து.