முள் காட்டும் அறுபது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட எத்தனை நொடி? இங்கிலாந்தில் எங்கள் நட்பு வட்டமும் இதற்கு விலக்கல்ல. யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், தன் எம்ஜிபி பத்தரை நொடியில் தொடுகிறது என்பார். அந்தக் கார் புதிதாக வந்த காலத்தில் பத்திரிகைகள் ஓட்டிப் பார்த்தபோது 12 நொடியை ஒட்டித்தான் எடுத்தது. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் நண்பர் அதை எடுத்துச் சொன்னார். "அப்ப நான் பொய் சொல்லுறனோ?" என்று அண்ணை எழுந்து போனார். இரண்டு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. கணினித் துறைக்காரன் என்பதால் அளந்து சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அளக்கும் கருவியைத்தான் முதலில் அளக்க வேண்டும். இந்தக் கார்களின் வேகமானியில் மின்னணு எதுவும் இல்லை. கியர்பெட்டியிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அது அலுமினியக் கிண்ணமொன்றைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள்வில் அந்த இழுப்பைத் தடுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும். டயர் மாறினால் கருவியில் பழுதே இல்லாமலும் கணக்கு மாறும்.

இங்கிலாந்து மோட்டார்வே ஓரங்களில் 100 மீட்டருக்கு ஒரு சிறு கம்பம் உண்டு. அண்ணை முள்ளை 60இல் அசையாமல் வைத்து ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து 16 கம்ப இடைவெளிகளுக்கு நேரம் பார்த்தேன். உண்மையான 60 என்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆக வேண்டும். ஆனது 65 நொடி. திரும்பி வரும்போதும் அதேதான். முள் 60 காட்டும்போது கார் ஓடியது 55இல்.

காரணம் டயரில் இருந்தது. முன்பு கார் வைத்திருந்தவர் 165/80க்குப் பதிலாக 185/60 போட்டிருந்தார். விட்டம் சுமார் 4 சென்டிமீட்டர் குறைவு. வித்தியாசத்தின் பெரும்பங்கு அதுதான்.

ஐந்து மைல்தானே என்று தோன்றலாம். வேகம் கூடக்கூடக் காற்றின் தடை கூடும், இழுவை குறையும். ஆகவே கடைசி ஐந்து மைலுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். நொடிக்குப் பத்து முறை பதியும் ஜிபிஎஸ் கருவியை வைத்து, மூடிய ஓடுதளத்தில் ஓட்டிப் பார்த்தோம். 12.6 வந்தது.

ஊரில் தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டும் கடைக்காரரைத் திட்டுவோம். இங்கே புளியை யாரும் ஒட்டவில்லை. அண்ணை தன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். ஸ்பிட்ஃபயர் நண்பரும் படித்ததைத்தான் சொன்னார். நமக்குச் சாதகமாகப் பிழைக்கும் கருவியைச் சந்தேகிக்க நமக்குத் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

எண்ணைப் பார்த்து அண்ணை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "இவ்வளவு காலமும் ஸ்பீட் கமராவில நான் ஏன் பிடிபடேல்லை எண்டு இப்பதான் விளங்குது, தம்பி." அதிலும் ஒரு நியாயம் உண்டு. புதிய கார்களுக்கான ஐரோப்பிய விதி, வேகமானி கூட்டிக் காட்டுவதை ஓரளவு அனுமதிக்கிறது. குறைத்துக் காட்டுவதை அனுமதிப்பதே இல்லை.

அன்று மாலையே அவர் ஸ்பிட்ஃபயர் நண்பரை அழைத்து, "உன்ர காரையும் கொண்டு வா, அதையும் அளப்பம்" என்றார். அதன் முள்ளும் மூன்று மைல் கூட்டித்தான் காட்டியது.