நிற்கும் நேரத்துக்குக் கூலி இல்லை

நாமக்கல்லில் லாரியைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரும் எஞ்சினில் தொடங்குவதில்லை, டியூவில் தொடங்குகிறார்கள். இந்த மாதத் தவணை கட்டியாயிற்றா, டயர் இன்னும் எத்தனை நாள் தாங்கும், ரிட்டன் லோடு அமைந்ததா என்று கேட்டு முடித்த பிறகுதான் வண்டியின் பெயரே வரும். சேலம் லீ பஜாரிலிருந்து சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வரை மானாவாரி நிலத்தை நம்ப முடியாத குடும்பங்கள் சக்கரத்தை நம்பின. பாடி கட்டும் பட்டறைகள், போர்வெல் ரிக் வண்டிகள், கேஸ் டேங்கர்கள், முட்டை லாரிகள் எல்லாம் அந்த நம்பிக்கையில் முளைத்தவை. பெரிய முதலாளிகள் உண்டு. ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி, தானே ஓட்டி, தானே தவணை கட்டும் ‘ஓனர் கம் டிரைவர்’களும் உண்டு. நான் தேடிப் போனது இவர்களை. வண்டிக்குள் குடியேறியிருக்கும் ஜிபிஎஸ் பெட்டி இவர்கள் வேலையையும் வரும்படியையும் என்ன செய்திருக்கிறது என்று கேட்க வேண்டியிருந்தது.

முதலில் போனது ஒரு பாடி பட்டறைக்கு. வெல்டிங் பொறி பறக்கும் இடத்தைத் தாண்டி, ஒரு பழைய வண்டியின் கேபினுக்குள் மண்டியிட்டுப் படுக்கைப் பலகை பொருத்திக்கொண்டிருந்தார் ஒரு ஆசாரி. கம்பெனி கேபின் வந்த பிறகு இந்த வேலை குறைந்துவிட்டது என்றார். “ஓனருங்க வந்தா லோடு பாடி எத்தன அடி, எத்தன டன் தாங்கும்னுதாங்க கேப்பாங்க. இந்தப் பலகையத் தொட்டுப் பாத்து, கால் நீட்டலாமான்னு கேக்கறவரு அவரே ஓட்டற ஆளாத்தான் இருப்பாரு.” முழுநாள் பேட்டி எடுத்தாலும் இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். நல்ல விதிதான். ஆனால் டீசல் கணக்கு டிரைவர் தலையில் இருக்கும்வரை அந்த ஏசி அணைந்தேதான் கிடக்கும் என்று பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டும் பழக்கமும், அதனால் வந்த விபத்துகளும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். லிட்டர் கணக்கு பார்ப்பவனுக்கு மலைச் சரிவும் வருமானம்தான்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஏஐஎஸ் 140 என்ற தரத்தில் செய்த இடங்காட்டிக் கருவியை அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரிகளில் பொருத்த வேண்டும் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்தும் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2023 ஜனவரியிலிருந்தும் நடைமுறைக்கு வந்தது. கேஸ் டேங்கர்களை எண்ணெய் நிறுவனங்கள் தனியாகவும் கண்காணிக்கின்றன. மற்ற லாரிகளில் முதலாளிகளும் பைனான்ஸ்காரர்களும் தங்கள் பயத்துக்காக மாட்டிவைக்கிறார்கள். ஆனால் டிரைவர் இன்று எத்தனை மணி நேரம் ஓட்டினார், இனி அவர் தூங்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும் கருவி எதுவும் இந்தியாவில் கட்டாயமில்லை. விமானிகளைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021 செப்டம்பரில் பேசினார். பேச்சோடு நிற்கிறது.

கேஸ் டேங்கர்கள் வரிசையாக நிற்கும் ஒரு இடத்தில் நிழலில் துண்டு விரித்துப் படுத்திருந்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மங்களூரில் ஏற்றி வந்த லோடு, இறக்க முறை வரவில்லை. “முந்தாநேத்து ராத்திரி கண்ணு சொக்குச்சுங்க. ஓரமாப் போட்டுப் படுத்தேன். ஒரு மணி நேரத்துல போனு. ‘ஏப்பா, அங்க எதுக்கு நிக்கிற, மெசேஜ் வந்திருக்குது’ன்னு. தூங்கறேன்னு சொன்னா, ‘அது ஹால்ட் எடம் இல்லையே’ங்கறாங்க. இங்க ரெண்டு நாளா நிக்கறன். இதுக்கு ஒரு மெசேஜும் போகாதுங்களே?” வழி மாறினால், சொல்லாத இடத்தில் நின்றால், பெட்டியின் ஒயரைத் தொட்டால் தகவல் போய்விடும். பிளான்ட் வாசலில் நாள்கணக்காக நின்றால் அது திரையில் வெறும் புள்ளி. டிரைவருக்கு ட்ரிப்புக்குத்தான் பணம். நிற்கும் நாளுக்குச் சோற்றுக் காசு உண்டா என்பதும் முதலாளியின் மனசைப் பொறுத்தது.

அவர் வண்டியில் கிளீனர் இல்லை. நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கம் 2025 மார்ச் கடைசியில் வேலைநிறுத்தம் செய்ததற்கு எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த விதிகள் காரணம். மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாமல் வந்தால் அபராதம் என்பது அவற்றில் ஒன்று. ஆள் கிடைக்கவில்லை என்பது சங்கத்தின் வாதம். கிளீனராகச் சேர்ந்து, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, டயர் கழற்றி மாட்டி, நள்ளிரவில் காலியான சாலையில் முதன்முதலாக ஸ்டியரிங்கைத் தொட்டு டிரைவரான தலைமுறைக்கு வயதாகிவிட்டது. இவர்கள் பிள்ளைகள் பொறியியல் படித்துவிட்டு பெங்களூரில் இருக்கிறார்கள். அதற்காகப் பெற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இரண்டாவது ஆள் வேண்டும் என்ற விதி டிரைவருக்குப் பாதகமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த இரண்டாவது ஆளின் கூலியை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் தகராறு.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. தொலைதூர ஓட்டமானால் அனுமதி பெற்று 10 மணி, 54 மணி வரை போகலாம். ஐந்து மணி நேரத்துக்குமேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, அரை மணி ஓய்வு தர வேண்டும். இவ்வளவும் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்கு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில் ஒன்று இதை விழுங்கிவிட்டது, ஐந்து பேர் பத்துப் பேரானது. ஒற்றை லாரிக்காரர் அன்றும் இதற்கு வெளியே, இன்றும் வெளியே. தானே முதலாளி, தானே தொழிலாளி. தன்னைத் தானே அதிகம் வேலை வாங்கினால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

அப்படிப்பட்ட ஒருவரைச் சங்ககிரியில் ஒரு புக்கிங் ஆபீஸ் பெஞ்சில் பிடித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். டெல்லி லைன் ஓடுகிறவர். நான் காகிதத்தில் போட்ட கணக்கைப் பொறுமையாகப் பார்த்தார். சேலத்திலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். ஜிஎஸ்டி இ-வே பில் 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறது, ஆக 12 நாள். நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்குச் சராசரி 40 கிலோமீட்டர் என்று ஓட்டினால் ஆறு நாள். “கவர்மெண்டு கணக்குல குத்தமே இல்லீங்க தம்பி,” என்றார். “பார்ட்டி நாலு நாள்ல கொண்டாங்கறான். நாம மாட்டன்னா பின்னாடி நிக்கறவன் சரிங்கறான்.” லாரிக்கு 80, டேங்கருக்கு 60 என்று வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேறு இருக்கிறது. வேகத்தைப் பூட்டிவிட்டு நாளையும் குறைத்தால் மிச்சம் தூக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, விலைவாசியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஓட்டும் நேரத்தை எண்ணும் மணிக்கணக்குப் பெட்டி வந்த ஊர்களில் எப்படி இருக்கிறது? டொரொண்டோவில் லாரி ஓட்டும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரைக் கேட்டேன். கனடாவில் 2021 ஜூனில் விதி வந்தது, 2023 ஜனவரியிலிருந்து அபராதம். நாளில் 13 மணிதான் ஓட்டலாம், எல்லா வேலையும் சேர்த்து 14 மணி. “லோட் ஏத்துற இடத்தில மூண்டு மணித்தியாலம் மறிச்சு வச்சிருப்பாங்கள் அண்ணை. அந்த மூண்டும் என்ர பதினாலுக்குள்ள போயிடும். எனக்குக் காசு மைல் கணக்கு.” நித்திரை கிடைக்கிறது, அதை மறுக்க மாட்டேன் என்றும் சொன்னார். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் பெட்டி கட்டாயமான பிறகு நடந்த ஆய்வில், நேர வரம்பு மீறல் குறைந்தது, விபத்து எண்ணிக்கை குறைந்ததற்குச் சான்றில்லை, சிறிய நிறுவனங்களில் வேகமீறல்தான் கூடியது என்று தெரிந்தது. ஐரோப்பாவின் 2006ஆம் ஆண்டு விதி மட்டும் ஒரு படி மேலே யோசித்திருக்கிறது. பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் தூரத்துக்கோ விரைந்து கொண்டு சேர்ப்பதற்கோ கூலியை முடிச்சுப் போடக்கூடாது என்று நிறுவனங்களைத் தடுக்கிறது. நம் ஊரில் மணிக்கணக்கு விதி வருமானால் இதோடு வர வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வு கிடைக்கும், ட்ரிப் குறையும், டியூ மட்டும் அதே தேதியில் நிற்கும்.

சங்ககிரிக்காரரிடம் ஒரு பாக்கெட் நோட்டு இருந்தது. எந்தக் குடோன் வாசலுக்கு எத்தனை மணிக்குப் போனார், எப்போது இறக்கி வெளியே வந்தார் என்று வருஷக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார். நின்ற நாளுக்கு ஹால்டிங் காசு கேட்கும்போதெல்லாம் இதைக் காட்டுவாராம். ‘நீங்களே எழுதிக்கிட்டு வந்தா எப்படிண்ணா?’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இப்போது மகன் ஜிபிஎஸ் ஆப்பில் அதே வாசல், அதே நேரம் வரும் பக்கத்தை எடுத்துக் கொடுக்கப் பழக்கியிருக்கிறான். பைனான்ஸுக்காக மாட்டிய பெட்டி இப்படி ஒரு சாட்சி சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கண்காணிப்பு என்று பெட்டியைத் திட்டுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் அதில் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. வாடகைச் சீட்டில் காத்திருப்புக்கு ஒரு கட்டம் போட மட்டும் யாருக்கும் மனமில்லை.

போன ட்ரிப்பில் மூன்று நாள் நின்றதற்கு அந்தப் பக்கத்தை புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நான் இருக்கும்போதே பதில் வந்தது. ஒருநாள் ஹால்டிங் தர பார்ட்டி ஒத்துக்கொண்டதாம், மீதியை அடுத்த லோடில் பார்த்துக்கொள்ளலாமாம். “இதுக்கு முன்னால அந்த ஒரு நாளும் வந்ததில்லீங்க,” என்றபடி அடுத்த லோடுக்கு அட்வான்ஸ் எவ்வளவு என்று மேசைப் பக்கம் திரும்பினார்.