க்ளென் பர்ட்டன் ஐயாவுக்கு ஒரு நன்றி மடல்



நீங்கள் மறைந்தது 2005-இல். என்றாலும் கோயம்புத்தூர்ப் பக்கம் மைதானங்களுக்குப் புல் நட்டுப் பிழைக்கிற நான், உங்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லியாக வேண்டும்.

எங்கள் வெயிலைத் தாங்கும் புல் என்றால் அருகுதான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதே அருகம்புல். கோடையில் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் தளிர்த்துவிடும். ஆனால் பிள்ளைகள் விழுந்து புரளும் மைதானத்துக்கு அது முரடு. நடுநடுவே மண்ணும் தெரியும். 1954-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ஆப்பிரிக்க அருகு விதையில் முளைத்த ஒரு கலப்பு நாற்று, ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உங்கள் கண்ணில் பட்டது. அதைத் தனியே வளர்த்துப் பார்த்து, 1960-இல் 'டிஃப்வே' என்று வெளியிட்டீர்கள். எங்கள் நர்சரிகளில் அது 'பெர்முடா 419'. அருகின் உறுதியும் ஆப்பிரிக்கப் புல்லின் மெல்லிய இலையும் சேர்ந்த புல்.

பெற்றோரில் ஒன்றுக்கு 36 குரோமோசோம், மற்றதற்கு 18, பிள்ளைக்கு 27. ஜோடி சேராததால் விதை பிடிப்பதில்லை. எனவே இந்தப் புல்லை விதைக்க முடியாது, நடத்தான் வேண்டும். எங்கள் ஊரில் அதை நடுவது பெண்களின் கைகள். இரண்டு மூன்று கணு உள்ள கரணையைக் கிள்ளி, குச்சியால் துளை போட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி செருகிப் பெருவிரலால் அழுத்துவார்கள். நாலு விரல் தள்ளி அடுத்தது. குந்தியபடியே பின்னால் நகர்ந்துகொண்டு போவார்கள். நட்ட இடத்தில் மிதி படக் கூடாதல்லவா? வேர் பிடிக்கும்வரை மேல்மண் காயாமல் பூவாளியால் தெளிக்க வேண்டும். பீய்ச்சி அடித்தால் கரணை மிதந்துவிடும்.

நடுவதற்கு முன்னால் இருக்கிறது பெரிய பாடு: கோரை. நிலத்தைக் கொத்தி, தண்ணீர் விட்டு, கோரையை முளைக்கவைத்துக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். முளைக்க முளைக்க எடுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களிடம் நான் இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதே இல்லை. வேப்பமரத்தடியில் இந்தப் புல்லைக் கேட்டாலும் மறுத்துவிடுவேன். நாளில் பாதியாவது நேர்வெயில் படாத இடத்தில் இது மெலிந்து சாகும். அங்கே நிழல் தாங்கும் அகல இலைப் புல்தான் சரி.

இன்னொரு கடனும் இருக்கிறது. 1965-இல் லூதியானாவிலிருந்து வெளிவந்த எச்.பி.1, இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு. நீங்கள் உருவாக்கிய 'டிஃப்ட் 23ஏ' என்ற ஆண்மலட்டுக் கம்புதான் அதற்குத் தாய். பின்னாளில் அடிச்சாம்பல் நோய் அந்த ரகத்தைச் சாய்த்தது உண்மை. ஆனாலும் மானாவாரி நிலத்தில் கம்பு இவ்வளவு விளையும் என்று முதலில் காட்டியது அது. கம்பங்கூழ் குடித்து வளர்ந்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தை பிறந்ததும் ஓர் அரசுப் பள்ளி மைதானத்தில் உங்கள் புல்லை நடப் போகிறோம். கோரை எடுக்கும் வேலை இப்போதே தொடங்கிவிட்டது.


புல் நடுகிற ஒருவன்