துப்பாக்கி மேல பழி போட முடியல பாஸ்!

மாசி மகத்தன்னிக்கு எங்க ஊர் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்திருக்கீங்களா? மயிலம் முருகன் ஒரு பக்கம், செஞ்சி ரங்கநாதர் ஒரு பக்கம்னு ஊர் ஊரா சாமிங்க தீர்த்தவாரிக்கு வந்து நிக்கும். கடலைவிட ஜனம்தான் அதிகமா அலை அடிக்கும். எங்க குருசுக்குப்பத்துல இருந்து நடந்தே போயிடலாம். சின்ன வயசுல எனக்கு சாமியெல்லாம் அப்புறம்தான். முதல்ல பலூன் கடை!

பத்து குண்டுக்கு ஒரு பலூன்கூட உடைஞ்சதில்ல. அப்பா கையப் புடிச்சுக்கிட்டு ஓரமா நின்னு அழுவேன். கடைக்கார அண்ணன் பாவம் பார்த்து ரகசியமா சொல்வாரு... ‘‘துப்பாக்கி அப்படித்தான் பாப்பா. கொஞ்சம் எடதுபக்கம் தள்ளிப் புடி.’’ அடடா, குத்தம் என்னோடது இல்ல, துப்பாக்கியோடதுதான்! அன்னிக்கு வந்த நிம்மதி இருக்கே... அதை வெச்சே பத்து வருஷம் ஓட்டிட்டேன்.

இப்போ எனக்கு இருபது. ஈ.சி.இ. மூணாவது வருஷம். காலேஜ் என்.சி.சி. கேம்ப்ல குப்புறப் படுக்க வெச்சு .22 ரைபிளைக் கையில குடுத்தாங்க. அஞ்சு குண்டும் ஒரு உள்ளங்கை அளவுக்குள்ள போயி உக்காந்துச்சு. ‘‘யாரு இந்தப் பொண்ணு?’’ன்னு ஹவில்தார் சார் கேட்டதுல தலைகால் புரியல. அடுத்த மாசமே ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு ரேஞ்ச்ல சேர்ந்துட்டேன். ரைபிளுக்கு ஜாக்கெட், பேன்ட், ஷூன்னு செலவு எகிறும்னாங்க. பிஸ்டலுக்கு அந்த ஜாக்கெட் எல்லாம் கிடையாது. சரி, பிஸ்டலே போதும்னு முடிவு பண்ணினேன். சிக்கனமான முடிவுன்னு நினைச்சேன். ஹி... ஹி...

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடறேன். ஒரே கையால புடிக்கணும். இன்னொரு கை பேன்ட் பாக்கெட்லயோ பெல்ட்லயோ இருக்கும். பத்து மீட்டர் தள்ளி இருக்கிற அட்டையில ‘பத்து’ங்கிற வட்டம் 11.5 மில்லிமீட்டர். உங்க சட்டைப் பொத்தானைப் பாருங்க, கிட்டத்தட்ட அவ்ளோதான். 75 நிமிஷத்துல 60 குண்டு, மொத்தம் 600 மார்க். எல்லாத்தையும்விடக் கூத்து என்னன்னா, குறியைப் பார்க்கவே கூடாது! பிஸ்டல் நுனியில இருக்கிற சின்னக் கறுப்புக் குச்சி மட்டும்தான் கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரியணும். அட்டை மங்கலா எங்கேயோ மிதக்கணும். இது பழகவே எனக்கு மூணு மாசம் ஆச்சு.

ரேஞ்ச்ல பொதுவுக்கு ஒரு பழைய ஸ்டெயர் எல்.பி.10 இருக்கு. ஆஸ்திரியா தயாரிப்பு, நல்ல பிஸ்டல்தான். ஆனா ஏழு பேருக்கு அது ஒண்ணுதான். ஏழு கைக்கும் பொதுவான மரப்பிடி. ஒருத்தர் சுட்டு முடிச்சதும் அடுத்தவர் பின்சைட்டைத் திருப்புவார், அடுத்தவர் மறுபடியும் திருப்புவார். ஒரு ‘க்ளிக்’ மாறினாலே குண்டு தள்ளிப் போகும். அதனால நான் எட்டு சுட்டா, ‘‘போன ஆளு சைட்டை மாத்திட்டாரு சார்!’’ ஏழு சுட்டா, ‘‘பிடி வழுக்குது சார்!’’ கோச் தலையை ஆட்டிட்டுப் போயிடுவார். வளைஞ்ச துப்பாக்கியும் பலூன் கடையும் நினைவுக்கு வருதா? எனக்கு அப்போ வரல.

போன ஏப்ரல்ல ரேஞ்ச் சீனியர் அண்ணன் ஒருத்தர் வேலை கிடைச்சு வெளிநாடு கிளம்பினார். அவர்கிட்ட மொரீனி சி.எம்.162 இருந்துச்சு. சுவிட்சர்லாந்து சரக்கு. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி, ஸ்டெயர், மொரீனி... உலகப் போட்டியில பிஸ்டல் வரிசையைப் பார்த்தா திரும்பத் திரும்ப இந்தப் பேருங்கதான். புதுசு ஒண்ணு நம்ம கைக்கு வந்து சேர ஒன்றரை லட்சத்தைத் தாண்டிடும். அண்ணன் தொண்ணூறாயிரத்துக்குத் தரேன்னார். ‘‘ஒரு வாரம் வெச்சுச் சுட்டுப் பாரும்மா. அப்புறம் சொல்லு.’’

அந்த ஒரு வாரம்!

ஈ.சி.இ. படிக்கிற பொண்ணுக்கு அந்த ட்ரிக்கரைப் பார்த்தாலே போதும். உள்ளே பேட்டரி. ட்ரிக்கரை அழுத்தினா ஒரு ஸ்விட்ச் மூடும். மின்காந்தம் வால்வைத் தட்டும். சிலிண்டர்ல அடைச்சு வெச்ச காத்து குண்டைத் தள்ளும். இரும்பு இரும்போட உரசுற கதையே இல்ல. ஆனா இஷ்டத்துக்கு லேசா வெச்சுக்க முடியாது. போட்டிக்கு முன்னாடி ட்ரிக்கர்ல 500 கிராம் எடையைத் தொங்கவிட்டுப் பார்ப்பாங்க. அரை லிட்டர் பால் பாக்கெட் கனம். அதைத் தாங்கணும், வெடிச்சிடக் கூடாது.

பிஸ்டலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போன அன்னிக்குத் தெருவே கூடிடுச்சு. அப்பாவுக்கு ஒரே பயம். ‘‘போலீஸு வந்துடாதே பாப்பா?’’ வராதுப்பா. 4.5 மில்லிமீட்டர் குண்டு, 20 ஜூலுக்குக் கீழே சக்தின்னா 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் வேணாம். இது ஆறு ஜூல் பக்கம்தான். எதிர்வீட்டு சொல்தா தாத்தா, பிரெஞ்சு ராணுவத்துல இருந்து இன்னமும் பென்ஷன் வாங்கறவர், வாங்கிப் பார்த்துட்டு, ‘‘இது ஆளைச் சுடாதே, அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ வெல?’’ன்னார். நியாயமான கேள்வி. பதில் எனக்கு அந்த வாரக் கடைசியிலதான் கிடைச்சது.

ரேஞ்ச் ஸ்டெயர்ல என் சராசரி 541. மொரீனியில ஆறு நாள் சுட்டேன். கடைசி நாள் 546. அவ்ளோதான் பாஸ். தொண்ணூறாயிரத்துக்கு அஞ்சு மார்க்!

அஞ்சு மார்க்கைவிட என்னைப் பாடாய்ப் படுத்தினது வேற. ஏழு விழுந்தா, அது நான் சுட்ட ஏழு. சைட்டை யாரும் திருப்பல. ட்ரிக்கர் ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல, அதே கனத்துல. ‘இப்போ சுட்டுடு’ன்னு அவசரப்பட்டு விரலை வெடுக்குன்னு இழுத்தேன், அதான் ஏழு. நாலாவது நாள் கோச் பின்னாடி வந்து நின்னார். வாயைத் திறந்தேன், சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. மூடிக்கிட்டேன். அவர் சிரிச்சார். நான் பாத்ரூம்ல போயி அழுதேன். தாத்தாவோட கேள்விக்கு அதான் பதில். அந்தக் காசு குடுத்து சாக்குப்போக்கை எல்லாம் ஒண்ணு விடாம துடைச்சு எடுத்துடறாங்க.

அப்போ நல்ல பிஸ்டல் வேஸ்ட்டுன்னு சொல்றியான்னு கேக்காதீங்க. 2024 பாரீஸ் ஒலிம்பிக்ஸ்ல துருக்கியோட யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுக்கிட்டு, சாதா டி-ஷர்ட்ல நின்னு வெள்ளி அடிச்சாரே, ஊரே மீம் போட்டுச்சு. ‘எந்தக் கருவியும் இல்லாம ஜெயிச்சார்’னு! செம கடுப்பு எனக்கு. கையைப் பாக்கெட்ல விடுறது ஸ்டைல் இல்ல, எல்லாரும் நிக்கிற நிலைதான் அது. அவர் கையில இருந்ததும் பலூன் கடைத் துப்பாக்கி இல்ல.

மனு பாக்கர் கதை தெரியும்ல? டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஜூலை. தகுதிச் சுற்று நடுவுல பிஸ்டல் மக்கர் பண்ணிடுச்சு. வெளியே போய் சரி பண்ணிட்டு வந்து மீதி குண்டை அவசரமா சுட வேண்டியதாச்சு. 575. பன்னிரண்டாவது இடம். எட்டாவது இடத்துக்கு 577. ரெண்டே மார்க்! அதே மனு 2024-ல பாரீஸ்ல 221.7 சுட்டு வெண்கலம். வெள்ளி கை நழுவினது 0.1-ல. ரெண்டு நாள் கழிச்சு சரப்ஜோத் சிங்கோட சேர்ந்து இன்னொரு வெண்கலம். அந்த உயரத்துல ஒரு மார்க்குக்கு ஒன்றரை லட்சம் குடுக்கலாம், தப்பே இல்ல. 546-ல நிக்கிறவ குடுக்கலாமா? அங்கதான் மண்டை காய்ஞ்சது.

ஏன்னா, வீட்டுல குடுக்க ரெடியா இருந்தாங்க. அதான் பிரச்னையே.

அம்மா பெரிய மார்க்கெட்ல மீன் விக்கறாங்க. சீட்டு எடுத்து ஒரு லட்சம் கையில இருந்துச்சு. அது அப்பாவோட ஃபைபர் போட்டுக்குப் புது என்ஜின் வாங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். போட்டு வேலை, வலை வேலை எல்லாம் அப்போதான் பார்ப்பாங்க. பழைய என்ஜின் ரெண்டு தடவை நடுக்கடல்ல நின்னிருக்கு. பக்கத்து போட்டு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. இது எனக்குத் தெரியாதுன்னு ரெண்டு பேரும் நினைச்சுட்டு இருந்தாங்க.

‘‘பழசே இன்னும் ஒரு வருசம் ஓடும். நீ அத்த வாங்கிக்கோ’’ன்னார் அப்பா.

‘‘அந்த அஜீத்து சுடறாரே, அது மாரி சுடுவியாடி?’’ன்னாங்க அம்மா. 2022-ல திருச்சியில மாநிலப் போட்டியில அஜித் சார் பதக்கமா அள்ளினது எங்க அம்மாவுக்கு மனப்பாடம். (‘தல’ன்னு கூப்பிட வேணாம்னு அவரே 2021-ல கேட்டுக்கிட்டார். அதனால சார்!) நான் அம்மாகிட்ட கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவனைப் பத்திச் சொன்னேன். ரைபிள்ல டோக்கியோ, பாரீஸ்னு ரெண்டு ஒலிம்பிக்ஸ் போனவங்க. ‘‘நம்ம கடலூரா?’’ன்னு அம்மா கண்ணை விரிச்சாங்க. சொல்லியிருக்கவே கூடாது. அடுத்த நிமிஷமே பீரோ சாவியை எடுத்துட்டாங்க.

அந்த ராத்திரி அப்பாவோட கருங்கல் மேட்டுல உக்காந்திருந்தேன். எங்க பக்கம் மணல் கிடையாது. துறைமுகத்துக்குச் சுவர் கட்டினதுக்கப்புறம் கடல் மணலை எல்லாம் தின்னுடுச்சு, கல்லைக் கொட்டி வெச்சிருக்காங்க. கை ஆடுதுப்பா, நிக்கவே மாட்டேங்குதுன்னேன். அப்பா சிரிச்சார். ‘‘போட்டுல நின்னு வலை வுடறப்ப போட்டு ஆடாம இருக்குமா? ஆட்டத்த நிறுத்தலாம்னு பார்த்தா தண்ணிக்குள்ளதான் வுழணும். அது பாட்டுக்கு ஆடும், நீ பாட்டுக்கு வேலையப் பாரு.’’ அதையேதான் கோச் ஒரு வருஷமா சொல்லிட்டிருந்தார். எந்த பிஸ்டலும் யார் கையிலயும் அசையாம நிக்காது. ஆடுற குச்சியைப் பார்த்துக்கிட்டே, ட்ரிக்கரை மெதுவா, நிறுத்தாம அழுத்திட்டே போகணும். எப்போ வெடிச்சுதுன்னு உனக்கே தெரியக் கூடாது. கோச் சொன்னா ஏறாதது அப்பா சொன்னா ஏறுது, என்ன செய்ய?

மறுநாள் சீனியர் அண்ணனுக்கு போன் பண்ணி வேணாம்னுட்டேன். நான் அப்படியே தியாகச் செம்மல்னு நினைச்சுடாதீங்க. சிலிண்டர்ல பொறிச்சிருந்த தேதியையும் பார்த்திருந்தேன். காத்து சிலிண்டருக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு, அதுக்கு மேல போட்டியில விட மாட்டாங்க. இதுக்கு இன்னும் எட்டு மாசம்தான் பாக்கி. செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க பிடியோட பளபளப்பைப் பார்க்காம முதல்ல அந்தத் தேதியைத் தேடுங்க. போன் வெச்சதுக்கப்புறம் ரெண்டு நாள் யார்கூடயும் பேசல. அம்மா வஞ்சிர மீன் குழம்பு வெச்சும் பேசல. அண்ணன் அதை வேற ஊர் பையனுக்கு வித்துட்டார். அவன் இப்போ 560 சுடறானாம். வயிறு எரியுது, பொய் சொல்ல மாட்டேன்.

என்ஜின் ஜூன் 10-ந்தேதி வந்துச்சு.

அப்புறம்தான் ஒரு விஷயம் பொறி தட்டுச்சு. பிஸ்டல்ல ‘என்னோடது’ன்னு ஆக்குறது எது? குழாய் இல்ல, சிலிண்டர் இல்ல. மரப்பிடிதான். பெரிய ஆளுங்ககூட வாங்கின பிடியை அப்படியே வெச்சுக்க மாட்டாங்க. அரத்தால ராவி, மரப்பொடியும் பசையும் கலந்து அப்பி, தன் கைக்குன்னு செஞ்சுப்பாங்க. ரேஞ்ச் ஸ்டெயர்ல பிடியை ஒரு அலன் கீ போட்டு ரெண்டு நிமிஷத்துல கழட்டி மாட்டலாம். சைட்டைக் க்ளிக் எண்ணி நோட்டுல எழுதி வெச்சுக்கிட்டா, யார் திருப்பினாலும் என் இடத்துக்குத் திரும்ப வந்துடலாம். இவ்ளோதானா? ஒரு வருஷம் ஏழு பேரும் இதை ஏன் யோசிக்கல?

எங்க குப்பத்துல மரப்போட்டு காலத்துல இருந்து வேலை செய்யற ஆசாரி மாமா இருக்கார். பழைய பிடியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கையில மாவை அழுத்தி அச்சு எடுத்துக்கிட்டார். பூவரசங் கட்டை ஒண்ணை எடுத்து உளியை வெச்சார். நாலு நாள். கூலி கேட்டா, ‘‘மெடல் வாங்கினா குடு’’ன்னுட்டார். மாட்டிப் பிடிச்சப்போ... அந்தக் கட்டை என் கைக்குள்ள தூங்கற மாதிரி இருந்துச்சு பாஸ். அந்த வாரம் 549!

சந்தோஷமா கோச்கிட்ட ஓடினேன். அவர் அலமாரியில இருந்து ஒரு பெட்டியை எடுத்தார். 420-க்கு 200-க்கு 50 மில்லிமீட்டர். பிஸ்டல் மொத்தமும் அதுக்குள்ள அடங்கினாத்தான் போட்டியில சுட விடுவாங்க. வெச்சார். மூடல. கட்டைவிரல் வைக்கிற இடம் மூணு மில்லிமீட்டர் வெளியே துருத்திக்கிட்டு இருந்துச்சு.

பிடியைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு சைக்கிளை எடுத்தேன். ஆசாரி மாமா கடை சாத்துற நேரம். என்னைப் பார்த்ததும், ‘‘இன்னாம்மா, சுட்டுட்டியா?’’ன்னார்.

‘‘மூணு மில்லிமீட்டர் மாமா.’’

கண்ணாடியை மாட்டிக்கிட்டு அரத்தை எடுத்தார்.