ஊசியும் தகுதியும்

உடல் இளைக்க ஊசி வந்துவிட்டது! வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலிலோ தொடையிலோ குத்திக்கொண்டால் போதும். பசி அடங்குகிறது, உணவு குறைகிறது, எடை இறங்குகிறது. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் 'மௌன்ஜாரோ' என்ற பெயரில் டிர்செபடைடு என்னும் மருந்து இந்தியச் சந்தைக்கு வந்தது. சூன் திங்களில் 'வெகோவி' என்ற பெயரில் செமாகுளுடைடு வந்தது. அதே மருந்து, நீரிழிவுக்கென 'ஒசெம்பிக்' என்ற பெயரைப் பூண்டு திசம்பரில் மீண்டும் வந்தது. மருந்து வந்த நாள் தொட்டு ஒரு வழக்கும் கூடவே வந்திருக்கிறது. இந்த ஊசி யாருக்குத் தகும்? யார் இதற்குத் தகுதி உடையவர்?

"உண்டு கொழுத்து உடலை வளர்த்தவனுக்கு ஊசி ஒரு கேடா? நடக்கட்டும், நாவைக் கட்டட்டும்!" என்பார் ஒரு சாரார். "காசிருப்பவன் வாங்கிக்கொள்கிறான், இதில் ஊருக்கென்ன?" என்பார் மற்றொரு சாரார். முன்னவர் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்; பின்னவர் நோயாளியைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை, அவன் பணப்பையைத்தான் பார்க்கிறார். மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார், நாடறிந்தவர், நமக்கும் நெடுநாளாகத் தெரிந்தவர். "எல்லாம் முன்வினை, அவரவர் உடல்வாகு அவன் கொடுத்தது" என்று கூறிவிட்டு, தமக்கு நெஞ்சுவலி வந்தால் மட்டும் பெங்களூருக்குக் காரில் பறப்பார்!

முன்வினைக்காரருக்காக ஒரு செய்தி. நம் நாட்டில் பல்லி உண்டு. அது எந்த உறுப்பில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியல் உண்டு. விழுந்த தோசம் தீரக் காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பொன்பல்லியைத் தொட்டு வருவதும் உண்டு. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்திலும் ஒரு பல்லி உண்டு. ஹீலா என்று பெயர், நஞ்சுடையது, ஆண்டுக்குச் சில முறையே இரை தின்று உயிர் வாழக் கூடியது. நியூயார்க்கு நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்த சான் எங்கு என்ற ஆய்வாளர், அந்தப் பல்லி எங்கே விழுந்தது என்று கேட்கவில்லை. அதன் நஞ்சில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நம் குடலில் சுரந்து சர்க்கரையையும் பசியையும் அடக்கும் சுரப்பு ஒன்று உண்டு. அதைப் போன்ற ஒரு பொருளை அந்த நஞ்சில் அவர் கண்டறிந்து 1992இல் வெளியிட்டார். நம் உடலின் சுரப்பு சில நிமிடங்களில் அழிந்துபோகும். பல்லியினுடையது நெடுநேரம் நிற்கும். அதிலிருந்து உருவான நீரிழிவு மருந்து 2005இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்றைய ஊசிகள் பல்லியிடமிருந்து எடுத்தவை அல்ல, மனிதச் சுரப்பை ஒட்டிச் செய்தவை. ஆயினும் அந்த வழி திறந்ததில் பல்லிக்கும் பங்குண்டு. அங்கும் பல்லி, இங்கும் பல்லி! அங்கே ஆய்வு, இங்கே தோசம்!

இந்த ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. 2021இல் வெளியான பெரிய சோதனையில், செமாகுளுடைடு ஊசி போட்டுக்கொண்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தார்கள். மருந்தில்லாத வெற்றூசி பெற்றவர்களும் அதே உணவு அறிவுரையைத்தான் பெற்றார்கள். அவர்கள் குறைந்தது 2.4 விழுக்காடு. ஊசியை நிறுத்தி ஓராண்டு சென்றதும், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பருமன் வெறும் சோம்பல் என்றால், குடற்சுரப்பு ஒன்றைக் கூட்டினால் இறங்கி, குறைத்தால் ஏறுமா? இரத்தக் கொதிப்பைப் போல், நீரிழிவைப் போல், இதுவும் உடலின் ஒழுங்கு கெடும் ஒரு நோய். நோயாளியை நோக்கி நாவைக் கட்டு என்று நாம் சொல்லும் அறிவுரையில் அறிவைவிட ஏளனமே மிகுதி. என் வகுப்பிலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஒரு சிறுமியைக் 'குண்டு' என்று அழைக்கக் கற்றிருக்கிறார்கள். யாரிடம் கற்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, நோய் என்றே கொள்வோம். யார் நோயாளி என்று அளப்பது எப்படி? எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் அளந்து, உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. 30க்கு மேல் இருந்தாலும், 27க்கு மேல் இருந்து கூடவே நீரிழிவோ கொதிப்போ இருந்தாலும் ஊசி போடலாம் என்பது இங்கே இம்மருந்துகளுக்குத் தரப்பட்ட ஒப்புதல். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள நம் ஊர்ப் பெண்ணுக்கு 30 என்றால் அறுபத்தேழரைக் கிலோ. இந்தக் கணக்கை வகுத்தவர் 19ஆம் நூற்றாண்டுப் பெல்சிய நாட்டுக் கணிதவாணர் கெட்டிலே; மருத்துவர் அல்லர், நம் மக்களைக் கண்டவரும் அல்லர். தெற்காசியருடைய உடலில், குறைந்த எடையிலேயே கொழுப்பு வயிற்றைச் சுற்றிப் படிகிறது, நீரிழிவு முந்தி வருகிறது. ஆகவே இந்தியருக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று கொள்ளவேண்டும் என நம் மருத்துவ அறிஞர்கள் 2009இலேயே கூறிவிட்டனர். இங்கிலாந்தின் பொது மருத்துவத்துறை, இந்த ஊசிக்கு அளவு வைத்தபோது, தெற்காசியக் குடும்பத்தினருக்கு இரண்டரைப் புள்ளியைக் குறைத்து வைத்தது. இலண்டனில் வாழும் தமிழனின் உடலைத் தமிழன் உடலாகவே அங்குள்ள அரசு அளக்கிறது. தருமபுரியில் வாழும் தமிழனின் உடலை வெள்ளையர் உடலாகக் கொண்டு இங்குள்ள ஒப்புதல் அளக்கிறது! வேடிக்கையாக இல்லையா?

ஆனால் அளவுகோலைவிடப் பெரிய வாயிற்காப்பாளன் விலை. மௌன்ஜாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். வாரம் ஒன்று வீதம் திங்களுக்கு 14,000 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். கணக்குப் பாடம் நடத்துகிறவள் என்பதால் வகுத்துப் பார்த்தேன். நாற்பத்திரண்டு நாள் மண் வெட்டினால் ஒரு திங்களுக்கு ஊசி. அதுவும் தொடக்க அளவுக்கு மட்டும். அளவு கூடக் கூட விலையும் கூடும்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மையார் இருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. ஒன்பது ஆண்டாக நீரிழிவு, ஐந்தாண்டாகக் கொதிப்பு. முழங்கால் தேய்ந்து, அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். சென்ற ஆண்டு நெஞ்சடைப்பு வந்து பிழைத்தார். எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்ற மருத்துவர், இப்படி ஓர் ஊசி இருக்கிறது என்றும் சொல்லி, விலையையும் சொல்லியிருக்கிறார். மறுநாள் பருப்பைக் கடைந்துகொண்டே என்னிடம் கேட்டார்: "அதெல்லாம் நமக்குத் தகுமா, டீச்சர்?"

தகுமா! அந்தச் சொல் என்னைச் சுட்டது. நம்மவருக்குப் பழகிப்போன சொல். எதைக் கேட்டாலும் இந்த நாட்டில் முதலில் எதிரே வந்து நின்றது தகுதி அல்லவா? வகுப்புரிமை ஆணை 1950இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்ததே, அந்த வழக்கு எந்தக் கல்லூரி இடத்தைப் பற்றியது? மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியது! மறு ஆண்டு அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. திருத்தவைத்தது தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சி. மருத்துவம் படிக்கத் தகுதியுண்டா என்று அன்று கேட்டார்கள். மருத்துவம் பெறத் தகுதியுண்டா என்று இன்று கேட்பதற்கு எவரும் வேண்டியதில்லை. அந்த அம்மையார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார். பிறர் கேட்டால் சண்டையிடலாம். தாமே கேட்டுக்கொள்பவரிடம் என்ன செய்வது?

அதே திங்களில் மற்றொருவர் என்னைத் தேடி வந்தார். வசதியானவர், பெண்ணைப் பெற்றவர். மகள் கல்லூரியில் இறுதியாண்டு. எடை ஐம்பத்தெட்டுக் கிலோ, நோய் நொடி ஏதும் இல்லை. பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், "பெண் சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாள்" என்று இழுத்திருக்கிறார்கள். தை பிறப்பதற்குள் எட்டுக் கிலோ இறக்கவேண்டுமாம்! ஊசி எங்கே கிடைக்கும், மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்குமா என்று கேட்டார். வாந்தி, குமட்டல், சிலருக்குக் கணைய அழற்சி, கொழுப்போடு சேர்ந்து கரையும் தசை, இவற்றையெல்லாம் சொன்னேன். "கலியாணம் முடிந்ததும் நிறுத்திவிடலாமே" என்றார். நிறுத்தினால் எடை திரும்புமே என்றேன். "திரும்பட்டுமே, அப்புறம் அவன் பாடு" என்றார். நகை கேட்டார்கள், கொடுத்தோம். வண்டி கேட்டார்கள், கொடுத்தோம். இப்போது மணமகளின் சதையில் எட்டுக் கிலோவைக் கழித்துக் கேட்கிறார்கள், அதையும் கொடுக்க அணியமாக இருக்கிறோம். அந்தப் பெண்ணைத் தனியே பார்த்துப் பேசினேன். வங்கித் தேர்வுக்குப் படிக்க விரும்புகிறாள். ஊசியைப் பற்றி அவளை ஒருவரும் கேட்கவே இல்லையாம்.

ஆக, இன்றுள்ள ஒழுங்கில் தகுதி யாருக்கு? நோயில்லாத பெண்ணுக்கு உண்டு, தந்தை கையில் காசிருப்பதால். நெஞ்சடைத்துப் பிழைத்த பெண்ணுக்கு இல்லை. 2023இல் 17,604 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வந்தது. இதய நோயும் மிகு எடையும் உடையவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றை இந்த ஊசி ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது. யாருக்கு இது அழகு, யாருக்கு இது உயிர் என்பது தெளிவாயிற்று அன்றோ? உலக நல்வாழ்வு நிறுவனம் 2025 செப்டம்பரில் இம்மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. யாருக்காகச் சேர்த்தது? நீரிழிவோடு இதயநோயோ சிறுநீரக நோயோ கூடி, பருமனும் உள்ளவர்களுக்காக. எங்கள் சமையலம்மாவை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கிறது!

இங்கிலாந்திலும் சண்டை ஓயவில்லை. 2025 சூனில் அங்கே பொது மருத்துவத்துறை டிர்செபடைடைக் கொடுக்கத் தொடங்கியபோது, குறியீடு 40ஐத் தாண்டி, ஐந்து நோய்களில் நான்கேனும் உடையவருக்கே முதலாண்டில் இடம் என்றது. தகுதியுடையோர் 34 இலட்சம் பேர். முதல் மூன்றாண்டில் பெறப்போகிறவர் 2,20,000 பேர். இரண்டு நோய் உள்ளவன் மூன்றாவது நோய் வரட்டும், நான்காவது நோய் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுமா என்று அங்கே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வரிசை நோயால் அமைந்த வரிசை. குறை இருக்கலாம், திருத்தலாம். நம்முடையது பணத்தால் அமைந்த வரிசை. அதைத் திருத்த வழியில்லை, கலைக்கத்தான் வேண்டும்.

தோழர்களிலேயே சிலர் என்னை மறித்தார்கள். "தருமபுரியில் இருந்துகொண்டு பருமனைப் பற்றிப் பேசுகிறாயே! சோகை பிடித்த தாய்மாரும் மெலிந்த பிள்ளைகளும் உள்ள சீமையிலே கொழுப்புக்கு அரசுப் பணமா?" என்றார்கள். பருமன் பணக்காரன் நோயாக இருந்த காலம் கடந்துவிட்டது, தோழர்களே! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகு எடையோ பருமனோ உடையவர்கள். இத்தனை பேரும் மாளிகைவாசிகளா? காலையில் தேநீரும் வடையும், மதியம் வெள்ளைச் சோறும் குழம்பும், இரவு மீந்த சோறு; வயிறு நிறைகிறது, சத்து இல்லை. தாய் பருமன், பிள்ளை மெலிவு, இரண்டும் ஒரே குடிசையில். கேழ்வரகுக் களி தின்ற மாவட்டம் இது. 2023இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடையில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் முன்னோட்டம் நடந்தது. நல்ல முயற்சி, விரியவேண்டிய முயற்சி. களி வரப்போகும் நோயைத் தடுக்கும். வந்துவிட்ட நோய்க்கு, அதுவும் அடைத்துத் திறந்த நெஞ்சுக்கு, களியை மட்டும் கொடுத்து அனுப்பலாமா? ஃபுளோரைடு நீரால் பல்லும் எலும்பும் கெட்ட எங்கள் மாவட்டத்துக்கு ஒகேனக்கல் குடிநீர் 2013இல் வந்தது. விலை மிகுதி, ஆதலால் சிலருக்கு மட்டும் நல்ல நீர் என்று யாரேனும் சொன்னார்களா?

எல்லாருக்கும் இன்றே ஊசி என்று நான் கேட்கவில்லை. அழகுக்காக அரசு ஒரு காசும் செலவிட வேண்டாம். நீரிழிவும் பருமனும் கூடி, நெஞ்சோ சிறுநீரகமோ கெட்டவர்கள், உறக்கத்தில் மூச்சடைப்பவர்கள், இவர்களிடமிருந்து தொடங்கட்டும். நம் உடலுக்கு ஏற்ற அளவுகோலால் அளக்கட்டும். உணவுப் பயிற்சியும் கூடவே வரட்டும். சீட்டின்றி விற்கும் கடைகளின் மீது கை வைக்கட்டும். செமாகுளுடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சு வரைதான்; அதன்பின் பல நிறுவனங்கள் செய்யலாம், விலை இறங்கும். மொத்தமாக வாங்கி விலையை இறக்கும் வித்தையை 1994 முதல் அறிந்தது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். நோயாளிகளைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகத்து 5ஆம் நாள் தொடங்கியதே சாமனப்பள்ளியில்தான். 2004 வரை எங்கள் மாவட்டமாக இருந்த கிருட்டிணகிரியிலே. எங்கள் சமையலம்மாவின் வீட்டுக்கு அந்தத் திட்டத்தின் பெண் தன்னார்வலர் திங்கள்தோறும் வந்து சர்க்கரை மாத்திரையும் கொதிப்பு மாத்திரையும் கொடுத்துவிட்டு, ஏட்டில் பதிந்துவிட்டுப் போகிறார்.

எங்கள் வட்டாரத்து ஆசிரியர்கள் பதினொருவர் இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு நல்வாழ்வுத் துறைக்கு விண்ணப்பமாக அனுப்பியிருக்கிறோம். பன்னிரண்டாவது கையொப்பம் சமையலம்மாவுடையது. முதலில் மறுத்தார், படித்துக் காட்டியபின் கரண்டியை வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்து போட்டார். படி ஒன்றை இவ்விதழின் ஆசிரியருக்கும் அனுப்பியுள்ளேன். வேண்டும் தோழர்கள் கேட்டுப் பெற்று, தத்தம் ஊர்க் கணக்கைச் சேர்த்து அனுப்பலாம்.